ஊர் மாறிய நாடகம்

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் தமிழராகிய நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிறமொழி நாடகங்களை அவை நடைபெறும் ஊரிலேயே, அம்மொழி பேசுவோர் நடுவிலேயே அமர்ந்து பார்க்க நம்மால் முடிகிறது. கொல்கத்தாவில் வங்காளி அண்டை வீட்டாரோ, மும்பையில் மராத்தி நண்பரோ நம்மை ஒரு முறையேனும் நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றிருப்பார்கள். வசனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்த்துவிட்டு வெளியே வரும்போதுதான், அந்தக் கதை ஐரோப்பாவில் எழுதப்பட்டது என்று யாரேனும் சொல்லக் கேட்டு வியந்திருப்போம். மேடையில் நாம் கண்ட வீடு வங்காளி வீடு. பரிமாறிய உணவு வங்காள உணவு. அண்ணன் தம்பி சண்டையும் அவ்வூர்ச் சண்டையே. அப்படியிருக்க, அது எங்ஙனம் வேற்று நாட்டுக் கதையாகும்?

இந்த வியப்பிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குவோம். பழைய யதார்த்த நாடகம் ஒன்றை வேறொரு நாட்டு மேடைக்கோ திரைக்கோ கொண்டுசெல்பவர் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே நாம் ஆராய விரும்பும் பொருள். பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே நாடகத்தை எடுத்துக்கொண்டு அது சென்ற வழியெல்லாம் நாமும் பின்தொடர்ந்து போவது நலம். நாம் எடுத்துக்கொள்வது நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்ஸன் எழுதிய 'மக்கட் பகைவன்'. சத்யஜித் ராய் 1989-ஆம் ஆண்டில் 'கணசத்ரு' என்ற பெயரில் வங்காளப் படமாக எடுத்தது இந்நாடகத்தையே.

இப்ஸனும் ஒருவகையில் நம் இனத்தவர். 1828-இல் நார்வேயில் பிறந்த அவர், 1864-இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலுமாக இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1891-இல்தான் திரும்பினார். அவருக்குப் புகழ் தேடித் தந்த நாடகங்களிற் பெரும்பாலானவை அந்த வெளிநாட்டு வாழ்க்கையில் எழுதப்பட்டவை. ஆயினும் அவற்றில் வரும் ஊர்கள் நார்வே ஊர்களே. தெருவையும் தெருவிலுள்ள மனிதரையும் அவர் தொலைவிலிருந்து இன்னும் தெளிவாகக் கண்டார் போலும். ஊரை விட்டு வந்தபின் ஊரின் குணமும் குறையும் கூடுதலாகப் புலப்படுவது நாம் அறிந்த அனுபவந்தானே!

1881-இல் 'ஆவிகள்' என்ற அவருடைய நாடகம் வெளிவந்தபோது, மரியாதைக்குரிய குடும்பங்களின் மறைவான நோயை அம்பலப்படுத்திவிட்டார் என்று நாடெங்கும் வசை எழுந்தது. முற்போக்காளர் என்று பெயர் வாங்கியவர்களும் அவரைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே, 1882-இல், 'மக்கட் பகைவன்' அச்சில் வந்தது. 1883 ஜனவரியில் கிறிஸ்தியானியா நகரில் அது மேடையேறியது. அந்நகரமே இன்று ஆஸ்லோ எனப்படுகிறது.

கதையை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். தென் நார்வேயின் கடற்கரையில் ஒரு சிற்றூர். அங்கே அண்மையில் மருத்துவ நீராட்டு நிலையம் ஒன்று அமைந்திருக்கிறது. கோடையில் வெளியூர் நோயாளிகள் வருகிறார்கள். வீட்டின் மதிப்பு உயர்கிறது. கடைகளில் வியாபாரம் பெருகுகிறது. நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன். அவருடைய அண்ணன் பீட்டர் நகரத் தலைவர். நீராட்டு நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். சென்ற ஆண்டு வந்தவர்களுட் சிலருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது மருத்துவரின் மனத்தை உறுத்துகிறது. நீரை எடுத்துப் பல்கலைக்கழகச் சோதனைக்கு அனுப்புகிறார். முதல் அங்கத்திலேயே முடிவு அஞ்சலில் வந்துவிடுகிறது. மேட்டுப் பகுதியிலுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலையத்து நீரிற் கலந்து, நோய் தீர்க்க வருபவர்களுக்கு நோய் தருகிறது. குழாயை இன்னும் உயரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்று அவர் கட்டும்போதே சொன்னார், அப்போது கேட்பாரில்லை.

பெரிய ஆபத்திலிருந்து ஊரைக் காத்துவிட்டோம், ஊர் நமக்கு நன்றி சொல்லும் என்று மருத்துவர் குழந்தைபோல் மகிழ்கிறார். அண்ணன் வந்து கணக்கை எடுத்து வைக்கிறார். குழாய்களை மாற்றப் பெருந்தொகை வேண்டும். இரண்டு ஆண்டுகள் நிலையத்தை மூட வேண்டும். அதற்குள் அண்டை ஊர்கள் வாடிக்கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். பத்திரிகையாசிரியரும் அச்சகத்துக்காரரும் முதலில் மருத்துவரின் பக்கம் நிற்கிறார்கள். செலவு வரி செலுத்துவோர் தலையில் விழும் என்று தெரிந்த மாத்திரத்தில் அணி மாறிவிடுகிறார்கள். நான்காம் அங்கத்தில் பொதுக்கூட்டம். நீரைப்பற்றிப் பேசவே அவருக்கு அனுமதி இல்லை. சினங்கொண்ட மருத்துவர் ஊரைப்பற்றியே பேசத் தொடங்குகிறார். முடிவில், அவர் மக்கட் பகைவன் என்று கூட்டம் தீர்மானம் செய்கிறது. ஐந்தாம் அங்கம் திறக்கும்போது அவர் வீட்டுச் சன்னல்கள் கல்லெறியால் உடைந்து கிடக்கின்றன. வேலை போயிற்று, ஆசிரியையான மகளின் வேலையும் போயிற்று, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இத்தகைய நாடகத்தை ஊர் மாற்றுவது ஏன் கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கினார். டென்மார்க் அரசன் தமிழ் மேடைக்கு ஏற்ற அரசனாக மாறுவதில் அவ்வளவு இடர்ப்பாடு இல்லை. அரசன், அரசி, வஞ்சகம், ஆவி ஆகிய யாவும் நம் கதைகளிலும் முன்னமே இருப்பவை. யதார்த்த நாடகமோ அன்றாட வாழ்க்கையின் சிறு பொருள்களில் வேர் விட்டிருப்பது. மருத்துவரின் சம்பளம், வீட்டு வாடகை, நகரசபைக் கடன், பத்திரிகையின் சந்தாதாரர், குழாய் பதித்த உயரம் ஆகிய ஒவ்வொன்றும் கதையைத் தாங்கும் தூணாக நிற்கிறது. ஒரு தூணை எடுத்தால் அந்த இடத்தில் வேறு தூண் நிறுத்த வேண்டும். பெயர்களை மட்டும் மாற்றிக் கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டால் கதை புது ஊரில் நில்லாது. முதல் அங்கத்தில் மருத்துவர் வீட்டில் விருந்து நடக்கிறதே, அதுகூட வெறும் அலங்காரக் காட்சி அன்று. முன்பு வடக்கே வறுமையில் உழன்றவர் இப்போதுதான் மேசை நிறைய உணவு வைத்து நண்பரை உபசரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார். பின்னால் அவர் இழக்கப்போவது என்ன என்பதை நாடகாசிரியர் தட்டில் வைத்துக் காட்டிவிடுகிறார்.

வங்காளத்தில் இந்நாடகத்தை முதலில் பேர்பெறச் செய்தவர் ஷம்பு மித்ரா. 1948-இல் அவர் தோற்றுவித்த 'பகுரூபி' நாடகக் குழு, 1952-இல் இதனை 'தசசக்ர' என்ற பெயரில் மேடையேற்றியது. அந்தப் பெயரே தழுவலுக்கு ஒரு நல்ல பாடம். பத்துப்பேர் சேர்ந்து சுழற்றினால் பகவானும் பேயாகிவிடுவான் என்று வங்காளிகள் ஒரு பழமொழி சொல்வார்கள். உயிரோடு நடமாடும் ஒருவனைச் செத்துப் பேயானவன் என்று பலர் கூடி நிலைநாட்டிவிட முடியும் என்பது அதன் கருத்து. நார்வேயில் ஒரு கூட்டம் கைதூக்கித் தீர்மானித்ததும், வங்காளப் பாட்டிமார் பேச்சில் வழங்கிவந்ததும் ஒரே உண்மைதான். பெயர்ப் பலகையைப் பார்த்த மாத்திரத்தில், அது தம் ஊர்க் கதை என்று வங்காளப் பார்வையாளர் உணர்ந்திருப்பர். மூலத்தின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் இந்த உறவு ஏற்பட்டிராது.

அதற்குச் சற்று முன்பு அமெரிக்காவில் நடந்ததையும் நோக்குவோம். 1949-இல் 'விற்பனையாளனின் மரணம்' என்ற நாடகத்தால் பெரும் புகழ் பெற்ற ஆர்தர் மில்லர், மறு ஆண்டே இப்ஸனின் இந்நாடகத்தைத் தம் நாட்டு மேடைக்காகத் திருத்தி எழுதினார். 1950 டிசம்பர் இறுதியில் நியூயார்க்கில் அது அரங்கேறியது. ஃபிரெடெரிக் மார்ச் மருத்துவராக நடித்தார். ஊரின் பெயரையோ மாந்தரின் பெயரையோ மில்லர் மாற்றவில்லை. ஆனால் காலம் மாறியிருந்தது. பொதுவுடைமைக்காரர் என்ற ஐயத்தின் பேரில் எழுத்தாளரும் நடிகரும் விசாரணைக்கு இழுக்கப்பட்டு, வேலை இழந்து, நண்பரே நண்பரைக் காட்டிக்கொடுத்த காலம் அது. பலர் ஒருமித்து ஒருவனைப் பகைவன் என்று முத்திரையிடுவது அன்றைய அமெரிக்கப் பார்வையாளர் செய்தித்தாளில் நாள்தோறும் படித்த செய்தி. மில்லரே 1956-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். பிறர் பெயரைச் சொல்ல மறுத்ததற்காக 1957-இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1958-இல் அத்தீர்ப்பு நீக்கப்பெற்றார். ஆயினும் அவருடைய தழுவல் 36 காட்சிகளோடு நின்றுவிட்டது. பொருத்தமான காலத்தில் வருவதனாலேயே ஒரு நாடகம் வரவேற்கப்படும் என்று சொல்வதற்கில்லை. பொருத்தம் மிகுதியாக இருந்தால் மக்கள் கொட்டகைப் பக்கம் வாராமலும் போகலாம்.

மில்லர் செய்த முக்கியமான மாற்றம் நான்காம் அங்கத்திலே உள்ளது. மூலத்தில், கூட்டத்தினரிடம் சினந்து பேசும் மருத்துவர், பெரும்பான்மை எப்போதும் தவறானது என்னும் எல்லைக்குப் போய்விடுகிறார். உயர்ந்த இன நாயையும் தெரு நாயையும் ஒப்பிட்டு, மனிதரிலும் அத்தகைய பிரிவு உண்டு என்கிறார். நீரைப்பற்றி அவர் சொன்னது உண்மை. மனிதரைப்பற்றி அவர் சொல்வதோ நம் செவிக்குக் கூசுகிறது. இனப்பெருமையின் பேரால் இரண்டாம் உலகப் போரில் நடந்த கொடுமைகளைக் கண்ட தலைமுறைக்கு இப்பகுதியைக் கேட்டுக்கொண்டிருக்க இயலவில்லை. மில்லர் அதை நீக்கினார். அவர் நீக்கியதன் நியாயம் நமக்குப் புரிகிறது. எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது என்பதை மறைக்கலாகாது. இப்ஸனின் மருத்துவர் தற்பெருமை உடையவர், அவசரக்காரர், அண்ணனுடைய தொப்பியையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு விளையாடும் அளவுக்குச் சிறுபிள்ளைத்தனம் உள்ளவர். உண்மையைச் சொல்லும் மனிதன் எல்லா வகையிலும் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை. அவனோடு ஒரு வீட்டில் வாழ்வதே கடினமாக இருக்கலாம். ஆனாலும் அவன் சொல்வது உண்மைதான். இந்தச் சங்கடத்தைப் பார்வையாளருக்குத் தருவது யதார்த்த நாடகத்தின் சிறப்பு. கதாநாயகனைக் கழுவித் துடைத்து வைத்தால் சங்கடம் மறைந்துவிடுகிறது. அவரை ஆதரிப்பது நமக்கு எளிதாகிவிடுகிறது.

மில்லரின் வடிவத்தையே வைத்து 1978-இல் ஓர் ஆங்கிலப் படமும் எடுக்கப்பட்டது. கார்த் துரத்தல்களுக்கும் சாகசங்களுக்கும் பேர்போன ஸ்டீவ் மெக்வீன், தாடியும் கண்ணாடியுமாக மருத்துவர் வேடம் தரித்தார். ஜார்ஜ் ஷேஃபர் இயக்கினார். அந்தப் படம் மிகச் சில கொட்டகைகளுக்கு மேல் செல்லவில்லை. தாம் அறிந்த நடிகரை மக்கள் அந்தத் தாடிக்குள் தேடிக் காணாது போயினர் எனலாம்.

இனி ராயின் படத்துக்கு வருவோம். 1983-இல், 'கரே பைரே' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அதன்பின் வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் செல்லக்கூடாதென மருத்துவர்கள் தடுத்தனர். வயலும் இரயிலும் வானமும் காட்டி உலகை வியக்கவைத்த கலைஞருக்கு நான்கு சுவர்கள் மட்டுமே எஞ்சின. நான்கு சுவருக்குள் ஓர் ஊரையே அடக்கிக் காட்டும் கலையில் இப்ஸனை விஞ்சியவர் எவர்? ராய் அவரை நாடியது இயல்பே.

ஆனால் ராய் அந்த நீராட்டு நிலையத்தை அப்படியே வங்காளத்துக்குக் கொண்டுவரவில்லை. மருத்துவ நீராட்டுக்குப் போகும் வழக்கம் நம் நாட்டு நடுத்தர மக்களிடம் இல்லை. அதை வைத்தால் கதை அந்நியமாகவே நிற்கும். ஆகவே அவர் தமக்குத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார் என்று நாம் ஊகிக்கலாம். வெளியூர்க்காரரை ஈர்த்து ஊருக்கு வருவாய் தருவதும், குறை சொல்ல யாரும் அஞ்சுவதும், வாய்வழியே உடலுக்குட் செல்வதுமான நீர் நம் நாட்டில் எங்கே இருக்கிறது? விடை, கோயில் தீர்த்தம். சண்டிப்பூர் என்ற கற்பனை நகரில் திரிபுரேசுவரர் கோயில். அங்கே பக்தர்கள் பருகும் சரணாமிர்தத்தில் மாசு கலந்திருக்கிறது. ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறது. மருத்துவர் அசோக் குப்தாவாக சௌமித்ர சாட்டர்ஜி நடித்தார்.

இந்த ஒரு மாற்றத்தால் கதையின் எடையே மாறிவிட்டது. நார்வேயில் உண்மைக்கு எதிராக நின்றது பணம். வங்காளத்தில் பணத்தோடு பக்தியும் வந்து நின்றது. கங்கை நீரும் துளசியும் சேர்ந்த தீர்த்தத்தில் கிருமி எப்படி வாழும் என்று எதிர்த்தரப்பினர் வாதிடும்போது, ஆய்வுக்கூடத்து அறிக்கை வலிமையிழந்து போகிறது. பொதுக்கூட்டத்தில் மருத்துவரை நோக்கி, நீர் இந்துவா என்ற கேள்வி எழுகிறது. இப்ஸனின் நாடகத்தில் இக்கேள்விக்கு இடமே இல்லை. அது இந்த மண்ணிலிருந்து முளைத்த கேள்வி. இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். மூலத்தில் நகரத் தலைவர் மருத்துவருக்கு அண்ணன். ராயின் படத்தில் நகரசபைத் தலைவரான நிசீத் மருத்துவருக்குத் தம்பி. மூத்தவன் சொல்லுக்கு இளையவன் கட்டுப்பட வேண்டிய வீட்டிலே, தம்பி ஊரறிய அண்ணனை வீழ்த்துகிறான் என்றால், அந்த வெட்டுக் காயம் நம்மவர்க்கு எவ்வளவு ஆழமாகப் படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனைத் தம்பியாக்கிய இந்தச் சிறிய மாற்றத்தினாலேயே கதை வங்காளக் குடும்பத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

படமாக்கப்பட்ட நாடகம் என்று விமரிசகர் சிலர் குறை கூறினர். அதில் உண்மை இல்லாமலில்லை. மேடையில் நான்காம் அங்கம் நடக்கும்போது, கொட்டகையில் இருக்கும் நாமே அந்த ஊர்க் கூட்டமாகிவிடுகிறோம். மருத்துவர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். கூச்சலிடுபவன் நம் பக்கத்து இருக்கையில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. திரை இதைச் செய்ய இயலாது. அதற்கு ஈடாகத் திரைக்கு வேறொரு வலிமை உண்டு. பேசுபவனை விட்டுவிட்டுக் கேட்பவன் முகத்தைக் காட்ட அதனால் முடியும். வாக்களித்த நண்பன் பின்வாங்கும் கணத்தில் அவன் கண்கள் எங்கே போகின்றன என்பதை மேடையில் பத்தாவது வரிசைக்காரர் காண்பதில்லை; படத்தில் யாவரும் காண்கிறோம். நாடகத்தைப் படமாக்குவோர் அறைக்கு வெளியே ஓடிக் காட்சிகளைச் சேர்த்தால்தான் அது சினிமா என்று எண்ணுவதுண்டு. அறைக்குள்ளேயே முகங்களை நம்பி நின்றதில் ராய் தவறவில்லை என்பதே நம் கருத்து.

அவரிடம் நாம் மாறுபடும் இடங்கள் இரண்டு. முதலாவது, மாமனார் பாத்திரம். இப்ஸனின் ஐந்தாம் அங்கத்தில், மருத்துவர் மனைவியின் வளர்ப்புத் தந்தையான மோர்ட்டன் கீல் வருகிறார். நீரைக் கெடுக்கும் தொழிற்சாலைகளுள் ஒன்று அவருடையதே. மகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் வைத்திருந்த பணம் முழுவதையும் கொண்டு, விலை விழுந்த நீராட்டு நிலையப் பங்குகளை அவர் வாங்கிவிட்டு வந்திருக்கிறார். இனி மருத்துவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றால் பங்கு விலை ஏறும். பெறாவிட்டால் மனைவி மக்களின் சொத்து வெறுங்காகிதம். வேலை போனபோதும் சன்னல் உடைந்தபோதும் தடுமாறாத மருத்துவர் இந்த இடத்தில் தடுமாறுகிறார். நாடகத்தின் உயிர்நிலை இதுவே என்பது நம் எண்ணம். தன் இழப்பைத் தாங்குபவன் வீரன். தன் பிள்ளைகளின் இழப்பையும் தாங்கத் துணிபவனை என்னவென்று அழைப்பது? ராயின் படத்தில் இந்த மாமனார் இல்லை. அதனால் மருத்துவர் செலுத்தும் விலை குறைந்துவிட்டது.

இரண்டாவது, முடிவு. இப்ஸனின் மருத்துவர் தனித்து நிற்பதிலேயே தம் வலிமையைக் காண்கிறார். ராயின் மருத்துவருக்கோ, பத்திரிகை வேலையை உதறிவிட்டு வந்த இளைஞர் ஒருவர் துணை வருகிறார். நாடகக் குழு இளைஞர்கள் அவரை வாழ்த்தி முழக்கமிட்டு வரும் ஒலி வெளியிலிருந்து கேட்கிறது. தாம் தனியல்லர் என்று அவர் மகிழ்கிறார். நோயுற்ற முதுமையில் அடுத்த தலைமுறையை நம்ப விரும்பிய ஒரு கலைஞரின் முடிவு இது. 1992-இல் அவர் மறைந்தார். அதைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. எனினும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முழக்கம் வாராத ஊரில் மருத்துவர் என்ன செய்வார்?

முடிவை மாற்றும் தொல்லை இப்ஸனுக்கே நேர்ந்ததுண்டு. 'பொம்மை வீடு' நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். 1880-இல் ஜெர்மனியில் அதை நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுச் செல்லும் தாயாக நடிக்க மறுத்தார். அங்கே தம் உரிமையைக் காக்கச் சட்டம் இல்லாததால், பிறர் கைவைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று கருதி, நோரா வீட்டிலேயே தங்கிவிடும் வேறொரு முடிவை இப்ஸன் எழுதிக் கொடுத்தார். அது தம் நாடகத்துக்கு இழைத்த வன்முறை என்று அவரே வருந்தினார். பார்ப்பவர் மனம் நோகாதிருக்க வேண்டுமென்று செய்த அந்த மாற்றம் நிலைக்கவில்லை. கதவைத் திறந்து வெளியேறிய நோராவே உலகெங்கும் நிலைத்தாள்.

ஆகவே நாம் கண்ட முடிவைச் சொல்லிவிடுகிறோம். தழுவுபவர் ஊரை மாற்றலாம், நீரை மாற்றலாம், அண்ணனைத் தம்பியாக்கலாம், தலைப்பைப் பழமொழியாக்கலாம். எந்த உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் மிகுந்த விலை கொடுக்க நேரும் என்று தேடிக் கண்டுபிடித்து, அதை நாடகத்தின் நடுவில் வைக்க வேண்டும். ஷம்பு மித்ராவும் ராயும் இதில் வென்றார்கள். மாற்றலாகாதது அந்த விலை. அதைக் குறைத்தால் நாடகம் இனிமையாகும், உண்மை குறைந்துவிடும்.

நாடகத்தின் ஆற்றல் இன்னும் ஒழிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று. பெர்லின் நகரத்து ஷௌபுய்னே அரங்கத்தார் தாமஸ் ஓஸ்டர்மயரின் இயக்கத்தில் 2012 முதல் இதனை நடித்து வந்தனர். நான்காம் அங்கத்தில் கொட்டகை விளக்குகளை ஏற்றி, பார்வையாளரையே பேச அழைப்பது அவர்கள் முறை. 2018-இல் பெய்ஜிங்கில் அவ்வாறு அழைத்தபோது, மக்கள் தம் நாட்டின் நிலைமையைப்பற்றியே உரக்கப் பேசத் தொடங்கினர். அடுத்து நான்கிங் நகரில் நடக்கவிருந்த காட்சிகள் ரத்தாயின. 1882-இல் எழுதிய கற்பனைக் கூட்டம் ஒன்று 136 ஆண்டுகளுக்குப் பின் உண்மைக் கூட்டமாக மாறிவிட்டது!

இனி நம் காரியம். வெளியூர்களிலுள்ள நம் தமிழ்ச் சங்கங்களில் ஆண்டு விழா தோறும் நாடகம் போடும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. சிரிப்பு நாடகம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் பிரிவதில் தவறில்லை. ஆனால் ஓர் ஆண்டு, இந்த நாடகத்தைத் தமிழில் நடிப்போம் என்று நம்மில் நாலுபேர் துணிந்தால், நம் ஊர் எது, நம் நீர் எது என்று கேட்டுக்கொள்ள நேரிடும். கதையைத் தமிழ்நாட்டில் வைத்தால் எளிது. குறை அங்கே இருக்கும். நாம் இங்கே அமர்ந்து கைதட்டுவோம். கதையை நம் சங்கத்திலேயே வைத்துப் பார்த்தால் என்ன? வெளி மாநிலத்தில் பாடுபட்டுப் பணம் சேர்த்து நாம் எழுப்பிய பள்ளியிலோ கோயிலிலோ குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டி கெட்டுப்போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்த டாக்டர் நம்மவர். மறைக்கச் சொல்லும் தலைவரும் நம்மவர். அவர் சொல்லக்கூடிய காரணம் நமக்கு மனப்பாடம். வேற்றூரில் நம் மானம் போகலாமா? இவர்கள் முன்னால் நம்மை நாமே காட்டிக்கொடுக்கலாமா? இந்தக் காரணத்துக்கு முன்னால் எத்தனை பேர் நாவடங்கியிருக்கிறோம்!

தாயகத்தில் ஓர் ஊர் ஒதுக்கினால் அடுத்த ஊரில் மாமன் வீடு உண்டு. நம்மைப் போன்றவர்க்கு, இருநூறு குடும்பங்கள் கொண்ட தமிழ்ச் சங்கந்தான் ஊர், உறவு, நல்லது கெட்டதற்குத் தோள் கொடுக்கும் துணை எல்லாம். அங்கே ஒருவர் பகைவராகிவிட்டால், தீபாவளியன்று பட்சணத் தட்டோடு வந்து அவர் கதவைத் தட்டுவாரில்லை. பெண்ணுக்கு வரன் சொல்ல ஆளில்லை. இப்ஸன் வைத்த விலை இங்கே குறைவதற்கு மாறாகக் கூடிவிடுகிறது. தழுவலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊரை எங்கே போய்த் தேடுவது?

நாடகத்தின் இறுதியில் மருத்துவர் எடுக்கும் முடிவொன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. மனம் வெறுத்த அவர் முதலில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட எண்ணுகிறார். புறப்படப் பெட்டி கட்டும் பேச்சும் நடக்கிறது. பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு, அதே ஊரில் தங்கி, தெருவில் அலையும் ஏழைச் சிறுவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லித்தர முடிவு செய்கிறார். பெட்டி கட்டி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். வந்ததில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் வந்த இடத்திலும் இன்று நமக்கென்று ஓர் ஊர் ஏற்பட்டுவிட்டது. அதன் நீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் நமக்கே வந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கக் கூடும்போது இதை நினைவில் கொள்வோமாக. மேடையும் வேடமும் பெரிதாக வேண்டியதில்லை. சங்கத்துக் கூடத்தின் நாற்காலிகள் போதும். அவற்றில் அமர்ந்திருக்கும் நாமே நான்காம் அங்கத்துக் கூட்டம்.